பேட்டரிக்கு மேல் இருந்த சீட்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி சொல்வாள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று நான் கத்துவேன். இப்போது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறேன். ஆனால் ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு நான் ஷிஃப்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், என்னிடம் எதிர்த்துப் பேசிவிட்டு யாரும் சும்மா போனதில்லை. வீட்டில் திட்டத் தமிழ், ரோட்டில் சண்டை போடத் தெலுங்கு, அத்திப்பள்ளி செக்போஸ்டில் கெஞ்சக் கன்னடம் என்று மூன்று பாஷையையும் பிரித்து வைத்திருந்தேன். அந்த நாட்களில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். அவளிடம் அதைச் சரியாகச் சொன்னதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு பாரூர் பக்கம். நெல்லும் கரும்பும் என் அண்ணன் பார்த்துக்கொண்டார். எனக்கு ஸ்டீயரிங்தான் பிடித்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு வேன் வாங்கி, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஓட்டினேன். கார்களுக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் வெட்டி, முனையில் லக் என்கிற செம்பு வளையம் அடித்து, கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்புகிற கம்பெனி அது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் வேனில் பதினாலு பேர். ராயக்கோட்டையில் பாதிப் பேர் ஏறுவார்கள், உத்தனப்பள்ளியில் மீதிப் பேர். அப்புறம் சானமாவு காட்டு ரோடு, அதைத் தாண்டினால் ஓசூர். முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். கழுத்து ஒரு பக்கம், டிபன் டப்பா ஒரு பக்கம்.

வேனை நான் கல்யாண மாப்பிள்ளை போல வைத்திருந்தேன். எம்பி த்ரீ பிளேயர், அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையர், பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர், உள்ளே ஊதா விளக்கு, எனக்கு ஒரு குட்டி ஃபேன். மார்கழி மாதத்தில் அந்த ரோட்டில் பனி கொட்டும், எதிரே யானை நின்றால்கூடத் தெரியாது என்பதால் முன்பக்கம் மஞ்சள் ஃபாக் விளக்கு இரண்டு. இத்தனைக்கும் வண்டியோடு வந்த வயரிங் தாங்காது. பேட்டரியிலிருந்து நானே ஒரு தனி வயர் இழுத்திருந்தேன். அந்த வண்டியில் பேட்டரி, கதவை ஒட்டிய முதல் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கும். அங்கிருந்து சீட் சட்டத்தில் இருந்த ஓட்டை வழியாக வயரை நுழைத்து, தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டுக்கு அடியில் விட்டு, டேஷ்போர்டு வரைக்கும் கொண்டுவந்திருந்தேன்.

பியூஸ் அடிக்கடி போனது. போனால் சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பேன். எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். சிகரெட் குடிக்காதவன்கூடத் தாளுக்காகப் பாக்கெட் பொறுக்குவான். அப்போதுதான் லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்கிற ஒருவர், கிருஷ்ணகிரி ரோட்டில் கடை வைத்திருந்தவர், சர்க்யூட் பிரேக்கர் என்ற ஒன்றைக் காட்டினார். தீப்பெட்டி அளவு. கரண்ட் அதிகமாக இழுத்தால் தானாக விழுந்து லைனை அறுத்துவிடும். மேலே ஒரு சிவப்புப் பொத்தான் எழுந்து நிற்கும். அதை அமுக்கினால் மறுபடி லைன் வந்துவிடும். பியூஸ் மாற்றுகிற தொல்லை இல்லை.

கேட்டதும் எனக்குப் பரம சந்தோஷம். கடையில் இருந்ததிலேயே பெரிய ஆம்பியர் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். சின்னது வாங்கினால் அடிக்கடி விழுமே. அதை டேஷ்போர்டில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், ஸ்டீயரிங்கிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் மாட்டினேன். சந்தனம் குங்குமமும் வைத்தேன். ஓட்டிக்கொண்டே அமுக்கலாம் என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு பேர் அதே போலத் தங்கள் வண்டியிலும் மாட்டிக்கொண்டார்கள். அவர்களிடமும் பெருமையாகவே சொல்லிக் கொடுத்தேன்.

அதை முதலில் கேள்வி கேட்டது அந்தப் பெண்தான். உத்தனப்பள்ளியில் ஏறுகிறவள். தென்பக்கத்துக்காரி, கோவில்பட்டியைத் தாண்டி ஏதோ ஊர். புருஷன் அங்கே ஒரு ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசர், பண்ணைக்குள்ளேயே வீடு. கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. லக் அடித்து வருகிற ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பாளோ, வலது கை விரல்களில் தோல் காய்த்துப் போயிருக்கும். இறங்கும்போது டேஷ்போர்டைப் பார்த்து நின்றாள். கண்ணாலேயே வயரைப் பிடித்துக்கொண்டு தரை, சீட், பேட்டரி வரைக்கும் போனாள்.

“அண்ணே, பேட்டரில இருந்து இங்க வர்ற வரைக்கும் இந்த வயருக்குக் காவலே இல்லையே. நடுவுல எங்கயாச்சும் உரசி ஷார்ட் ஆச்சுன்னா இந்தப் பொத்தானுக்கு ஒண்ணும் தெரியாது.”

பதிமூன்று பேர் முன்னால் ஒரு பெண் என் வேலையில் குற்றம் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? “உன் செக்கிங் எல்லாம் கம்பெனியோட வெச்சிக்கம்மா. என் வண்டிய எனக்குப் பாக்கத் தெரியும்,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அவள் சொன்னது என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் சொன்னாள் என்பதை மட்டும் நாலு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ராயக்கோட்டையில் ஏறுகிற ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம். தலைப்பிரசவம். வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண், வாய் ஓயாமல் பேசுவாள், எல்லோருக்கும் செல்லம். ஏறி இறங்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கதவோர முதல் சீட்டை அவளுக்கு என்று சொல்லி வைத்தேன். மறுநாள் உத்தனப்பள்ளியில் செக்கிங்காரி ஏறினாள். அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவள் எழுந்து மூன்றாவது வரிசைக்குப் போனாள். இவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. அது போதாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரை மேட்டில் பதித்து, சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் தூங்கினாலும் அவள் தூங்க மாட்டாள். கண்ணாடியில் பார்த்தால் அவள் கண் திறந்தேயிருக்கும். என்னை வேவு பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் பொறுத்தேன். எனக்கு அது பெரிய சாதனை. அப்புறம் கம்பெனி வாசலில், எல்லோரும் இறங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன்.

“வயித்துப் புள்ளக்காரிய எழுப்பிவிட்டு அந்த எடத்துல உக்கார்றியே, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்குதாம்மா?”

அவள் முகம் சுண்டிப்போனது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கர்ப்பிணிப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இவள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சரியான சூடு கொடுத்தேன் என்று டீக்கடையில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்தேன். மறுநாளும் அவள் அதே சீட்டில் வந்து உட்கார்ந்தாள். இப்போது நினைத்தால், அவ்வளவு பேச்சு கேட்ட பிறகும் வந்து உட்கார்ந்தாளே என்றுதான் மனசு குன்றிப்போகிறது.

அது ராகி அறுப்பு சமயம். யானைக் கூட்டம் சானமாவு காட்டுக்குள் வந்திறங்கியிருந்தது. ஒரு வியாழக்கிழமை, முதல் ஷிஃப்ட் முடிந்து மதியம் திரும்பி வருகிறோம். நல்ல வெயில். பாட்டு ஓடுகிறது, பெண்கள் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள். காட்டு ரோட்டின் நட்டநடுவில் அவள் குரல் கேட்டது. கத்தவில்லை.

“அண்ணே, நிறுத்துங்க. வயரு எரியுது.”

திரும்பிப் பார்த்தால் அவள் காலடியில் மேட்டின் ஓரம் புகை. நான் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துவதற்குள் அவள் கதவைத் திறந்து, முதலில் கர்ப்பிணியைக் கைப்பிடித்து இறக்கி, ஒவ்வொருத்தியாகத் தட்டி எழுப்பி இறக்கிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டேஷ்போர்டில் கையை நீட்டி பிரேக்கரில் கையால் நிறுத்துவதற்கு இருந்த விசையைத் தட்டி லைனை அறுத்தேன். பாட்டு நின்றது. ஃபேன் நின்றது. புகை நிற்கவில்லை. மறுபடி ஒருமுறை தட்டினேன். மேட்டுக்கு அடியில் வயர் சிவந்து, ரப்பர் உருகி, மூக்கைத் துளைக்கிற நாற்றம். சந்தனம் குங்குமம் வைத்த அந்தப் பொத்தான் எனக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஷார்ட் ஆனது அதற்கு முன்னால், பேட்டரிப் பக்கத்தில். அதற்கு ஒன்றும் தெரியாது. அவள் சொன்ன அதே வார்த்தை.

பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும். ஸ்பேனர் பின்னால் ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்தது. சீட்டைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டைச் சுற்றிக்கொண்டு டெர்மினலைப் பிடித்து ஆட்டினேன், கையோடு வந்துவிட்டது. டைட் வைக்க வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துச் சோம்பலில் விட்டிருந்தேன். என் சோம்பேறித்தனம் வாழ்க்கையில் எனக்கு உதவியது அன்று ஒரு நாள்தான். உள்ளங்கை சுட்டுப் பொத்துப்போனது. தரை மேட்டில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை. சீட் சட்டத்து ஓட்டையில் இரும்பு விளிம்பு வயரின் மேல்தோலைத் தேய்த்துத் தேய்த்துத் தின்றிருந்தது.

பதினாலு பேரும் ரோட்டோரம் ஒட்டி ஒட்டி நின்றார்கள். ஒரு பக்கம் வேன், இன்னொரு பக்கம் யானைக்காடு. எதுவும் நடக்கவில்லை, அரை மணி நேரத்தில் டவுன் பஸ் வந்தது. அந்த அரை மணி நேரத்தில்தான் கர்ப்பிணிப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமான பேச்சு எதுவும் இல்லாமல் மெதுவாகச் சொன்னாள்.

“அந்தக்கா எதுக்கு என்னை எழுப்புனாங்கன்னு தெரியுமாண்ணா? ‘மேட்டு சூடாவுது. நீ உக்காந்தா தூங்கிடுவ. யாராச்சும் முழிச்சிருந்து பாக்கணும்’னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா சண்டைதான் வரும், வண்டி சரியாவாதுன்னாங்க.”

அந்த வெறுங்கால் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. தினமும் போக வர ஒன்றரை மணி நேரம், விடியாத பொழுதில் எழுந்து வந்த தூக்கத்தை அடக்கிக்கொண்டு, உள்ளங்காலால் என் வயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அவளைத்தான் மனசாட்சி இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவள் பஸ்ஸில் ஏறியபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். அதற்குள் கையில் மருந்து போடுங்கண்ணே என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

இதைக் கம்பெனியில் ஒருத்தி சொல்லியிருந்தால் என் காண்ட்ராக்ட் அன்றோடு போயிருக்கும். சொல்லவும் நியாயம் இருந்தது. வெள்ளியும் சனியும் பதினாலு பேரும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து பஸ்ஸில் போனார்கள். வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று டிரான்ஸ்போர்ட் டேபிளில் அவள் சொல்லியிருக்கிறாள். அதே நேரம் மற்றவர்களிடம், வண்டியைத் தான் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் ஏறக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். இரண்டுமே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என் மனைவி கையில் களிம்பு போட்டுக்கொண்டே, கோபத்தைத் தூக்கி அந்த யானைக்காட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம் என்றாள். முதல் தடவையாக நான் எதிர்த்துப் பேசவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரோஜாப் பண்ணைக்குப் போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். அவ்வளவு நேரம் மனப்பாடம் செய்த மற்றதெல்லாம் மறந்துபோனது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் பேட்டரி ஒரு கட்டம், பிரேக்கர் ஒரு கட்டம் என்று வரைந்து, என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணை ஷெட்டில் வண்டியை நிறுத்தினோம். அவள் புருஷன் டார்ச் பிடித்தார். பழைய வயரை முழுசாக உருவி எறிந்தோம். இரண்டு மடங்கு கனமான புது வயர். ஆனால் பிரேக்கர் முன்பு இருந்ததைவிடச் சின்னது. எனக்கு அது விளங்கவில்லை. பாட்டுக்கு ஏற்ற பிரேக்கர் இல்லை, வயருக்கு ஏற்ற பிரேக்கர் போட வேண்டும், அது காப்பாற்றுவது வயரைத்தான் என்றாள். ஃபாக் விளக்குக்கு மட்டும் தனியாக ஒரு பிரேக்கர், சூடு ஆறினால் தானாகவே திரும்பி வருகிற வகை. காட்டுக்குள் விளக்கு போய்விட்டால் தடவிக்கொண்டிருக்க முடியாது. அப்படியானால் எல்லாவற்றுக்கும் தானாக வருவதையே போட்டுவிடலாமே என்றேன். கூடாது, ஷார்ட் ஆன வயரில் அது திரும்பத் திரும்ப வந்து திரும்பத் திரும்பச் சுடும் என்றாள்.

சீட் சட்டத்து ஓட்டைக்கு ரப்பர் வளையம் வைத்தாள். லக் அடிக்கிற கருவியை நான் பேட்டரிக் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். கம்பெனியில் இருந்து ஒரு துண்டு டேப்பைக்கூட அவள் எடுத்து வரவில்லை. ஒவ்வொரு லக்கையும் அடித்த பிறகு என்னிடம் நீட்டி, முழு பலத்தோடு இழுக்கச் சொன்னாள். ஒன்று என் கையோடு வந்தது. வெட்டிவிட்டு மறுபடி அடித்தாள். கம்பெனியிலும் இதையேதான் செய்கிறேன், வண்டி யாருடையது என்று தெரியாது, அவ்வளவுதான் என்றாள்.

கடைசியில் பிரேக்கரை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சீட்டுக்கு அடியில் திருகினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டும்போது விழுந்துவிட்டால் அங்கே எனக்குக் கை எட்டாதே என்றேன்.

“எட்டக் கூடாதுன்னுதாண்ணே அங்க வைக்கிறேன். வண்டிய நிறுத்தி, எறங்கி, சுத்தி வந்து, குனிஞ்சாத்தான் அமுக்க முடியணும். அதுக்குள்ள எதுக்கு விழுந்துச்சுன்னு யோசிச்சிருப்பீங்க.”

வண்டிக்கு மட்டும் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அவள் அப்படி நினைத்தும் சொல்லியிருக்க மாட்டாள். பிறகு வயரின் மறுமுனையை என்னிடம் கொடுத்து, வண்டி பாடியில் தொடச் சொன்னாள். தொட்டேன். ஒரு பொறி, சீட்டுக்கு அடியில் ஒரு ‘டக்’. அவ்வளவுதான். புகை இல்லை, நாற்றம் இல்லை. நான் நடந்து சுற்றி வந்து, குனிந்து, பொத்தானை அமுக்கினேன்.

ஸ்டாண்டில் என்னைப் பார்த்து மாட்டிக்கொண்ட இரண்டு பேரையும் அன்று சாயங்காலமே தேடிப் போய், கட்டுப் போட்ட கையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். ஒருவர் உடனே மாற்றினார். இன்னொருவர் சிரித்தார். அவரை அடுத்த வாரம் நானே வண்டியோடு இழுத்துக்கொண்டு போய் மாற்றவைத்தேன். அதற்கு மட்டும் என் பழைய கோபத்தைக் கொஞ்சம் உபயோகித்தேன்.

அதன் பிறகு நாலு வருஷம் அந்த வேனை ஓட்டினேன். பிரேக்கர் மூன்று தடவை விழுந்தது. மூன்று தடவையும் இறங்கிச் சுற்றி வந்தேன். அவள் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். இந்தக் கையால் இன்று நான் சோறு சாப்பிடுவதும், பதினாலு வீட்டுப் பெண்கள் அன்று வீடு போய்ச் சேர்ந்ததும் அவளால்தான். இதை நான் கோயிலில் நின்று சொல்கிற மாதிரிதான் சொல்கிறேன்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தத் திங்கட்கிழமைக் காலைதான். அவர்கள் ஏறுவார்களா என்று தெரியாமல் வண்டியைக் கொண்டுபோனேன். ராயக்கோட்டையில் எல்லோரும் நின்றிருந்தார்கள், ஒருவரும் ஏறவில்லை. அக்கா சொல்லட்டும் என்று போனில் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஏறினார்கள். கதவோர முதல் சீட்டை மட்டும் காலியாக விட்டுவிட்டார்கள். உத்தனப்பள்ளியில் அவள் ஏறினாள். அந்தச் சீட்டைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி, உள்ளங்காலை ஒரே ஒரு முறை மேட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு மூன்றாவது வரிசையில் இருந்த கர்ப்பிணிப் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து, அந்தச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தான் கடைசி வரிசை மூலைக்குப் போனாள்.

சானமாவு தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டேன். ஓசூர் வரும்வரை பாட்டுப் போடவில்லை.